கடைகள் ஏன் அடைபட்டன

மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பேற்கச் சென்றிருக்கும் என் மகளுக்கு,

நீ புறப்பட்ட அன்று விருதுநகர் ரயில் நிலையத்தில் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று உன் அம்மா இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறாள். மகளைப் பிரியும் தகப்பனின் மனநிலை என்று பக்கத்து வீட்டாரிடம் அவளே விளக்கமும் சொல்லிவிட்டாள். காரணம் அதுவல்ல. முந்தைய நாள் சாப்பாட்டு மேசையில் நீ சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து நான் அப்போது வெளியே வந்திருக்கவில்லை; இன்றும் வரவில்லை. ஒருவரை விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கும் அதிகாரம் இனி உன் கையெழுத்தில் இருக்குமே, அந்தக் கோப்பை எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டேன். பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்தபடி நீ சிரித்தாய். "அது ரொட்டீன் ஃபைல்ப்பா. எஸ்.பி. ஆபீஸ்ல இருந்து வரும், நம்ம ஆபீஸ்ல டிராஃப்ட் ரெடியா வச்சிருப்பாங்க. தப்பா இருந்தா ஐகோர்ட் ரத்து பண்ணிரப் போகுது. அதுக்குன்னேதான நீங்க மதுரைக்குப் போய்ட்டுப் போய்ட்டு வர்றீங்க?" என்றாய். "ஆமா, அம்புட்டு பேரும் சரியா எழுதிட்டா உங்க அப்பா வீட்லதான் உக்காந்திருக்கணும்" என்று உன் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். நானும் சிரித்தேன் என்றே நினைக்கிறேன். ஆனால் எனக்குள் ஏதோ நின்றுபோயிற்று. நான் வளர்த்த பெண், கெட்டிக்காரி, யாருக்கும் தீங்கு நினைக்காதவள், ஒரு மனிதனின் ஓராண்டு வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு இலகுவாகப் பேசுகிறாளே என்ற திகைப்பு அது.

இதை உனக்கு மட்டும் எழுதி உறையில் ஒட்டியிருக்கலாம். உன்னைப் போன்ற நாற்காலியில் அமர்பவர்கள் எல்லோரும் யாரோ ஒருவருக்குப் பிள்ளைகள்தான் என்று தோன்றியதால் வெளியிடுகிறேன். வெளியிடலாமா என்று கேட்டதற்கு, "போடுங்கப்பா, ஆனா என் மாவட்டத்தோட பேர் வேண்டாம்" என்று பதில் அனுப்பினாய். சரியான எச்சரிக்கை. நானும் ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியோ விட்டோ எழுதுகிறேன். ஆணையில் கையெழுத்திட்ட அதிகாரி யார், அந்தச் சிற்றூர் எந்த மாவட்டத்து எல்லைக்குள் வருகிறது என்பதையும் சொல்லப் போவதில்லை. எம். புதுப்பட்டிக்கு அப்பால் உள்ள பட்டாசு ஊர்களில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள். இன்னொன்றையும் இங்கேயே பதிவு செய்கிறேன்: நீ பணியில் இருக்கும் காலம்வரை உன் மாவட்டத்து வழக்கு எதையும் வழக்கறிஞனாக நான் ஏற்க மாட்டேன். ஆகவே இது உன்னிடம் ஏதோ பெற எழுதும் கடிதம் அன்று.

அந்த ஊரில் ஒரு பட்டாசு ஆலையில், மருந்து கலக்கும் அறையில், ஒரு நாள் காலை விபத்து நடந்தது. இறந்தவர்களில் ஒருவர் சோலையப்பனின் அக்கா. சோலையப்பன் ஆலைகளுக்குக் காகிதக் குழாய் மூட்டைகளை ஏற்றி இறக்கும் லோடு வேன் ஓட்டுகிறவர். அன்று மாலை உடல்கள் அரசு மருத்துவமனையில் இருந்தன. ஆலை உரிமையாளர் வந்து முகம் காட்டினால்தான் உடல்களை வாங்குவோம் என்று உறவினர்கள் ஊருக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் அமர்ந்தார்கள். பேச்சு முற்றியபோது ஆலை நிர்வாகத்தின் கார்க் கண்ணாடி ஒன்று உடைந்தது. உடைத்தது சோலையப்பன்தான், அதை அவர் என்னிடம் மறுக்கவில்லை, நானும் நீதிமன்றத்தில் மறுக்கவில்லை. அதற்கு வழக்குப் போடலாம், விசாரிக்கலாம், குற்றம் உறுதியானால் தண்டிக்கலாம். வழக்கும் போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. கோவில் பொங்கலின்போது நடந்த பழைய அடிதடி வழக்கு ஒன்றையும் சேர்த்துக் காட்டி, இவர் வழக்கமாகக் குற்றம் புரிபவர், வெளியே இருந்தால் பொது ஒழுங்குக்குக் கேடு என்று சொல்லி, குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைத்தார்கள். அந்த ஆணை பிறந்துவிட்டால் ஜாமீன் என்ற சொல்லுக்கே இடமில்லை. ஓராண்டுவரை உள்ளே வைக்கலாம்.

உனக்குத் தெரிந்த சட்டந்தான். ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவன் கண்ணாடியை உடைத்தால் அது சட்டம் ஒழுங்கு சார்ந்த பிரச்சினை. உடைத்த செயலால் அந்தத் தெருவே தன் அன்றாட வாழ்க்கையை நடத்த முடியாமல் போனால்தான் அது பொது ஒழுங்கு. முதலாவதற்குச் சாதாரணச் சட்டம் போதும். இரண்டாவதற்கு மட்டுமே விசாரணையில்லாக் காவல். ஆகவே ஒவ்வொரு தடுப்புக் காவல் ஆணையிலும் தெரு எப்படிக் குலைந்தது என்று காட்டும் ஒரு பத்தி இருக்கும். இருந்தே ஆக வேண்டும். சோலையப்பனின் ஆணையில் இருந்தது இது: அவரது செயலைக் கண்ட பொதுமக்கள் உயிருக்குப் பயந்து அலறி ஓடினர், கடைக்காரர்கள் அச்சத்தால் கடைகளை அடைத்தனர், அப்பகுதியின் இயல்பு வாழ்க்கை முற்றிலும் பாதிக்கப்பட்டது. ஊர் பெயரை மட்டும் மாற்றி இதே பத்தியை எத்தனையோ ஆணைகளில் படித்திருக்கிறேன். படித்துப் படித்துக் கண் அதன்மேல் நிற்காமல் ஓடப் பழகிவிட்டது. என் அலுவலகத்தில் சோலையப்பனின் மனைவி மாரீஸ்வரிக்கு ஆணையை வாசித்துக் காட்டியபோதும் அந்த இடத்தை வேகமாகத்தான் கடந்தேன்.

"சார், நில்லுங்க. கடையச் சாத்துனாங்கன்னா போட்டிருக்கு?" என்றார் அவர்.

"ஆமாம்மா. எல்லா ஆணையிலும் அப்படித்தான் எழுதுவார்கள்."

"எல்லாத்துலயும் எழுதட்டும் சார். எங்க ஊர்ல அன்னைக்குக் கடை காலைலயே சாத்தியாச்சே. மதினி செத்ததுக்குல்ல சாத்துனாக. இவரு சாயங்காலம் கண்ணாடிய ஒடச்சதுக்கு, காலைல எப்படி சார் பயந்து சாத்துவாக?"

நான் எழுத்தராக இருந்த காலத்தையும் சேர்த்தால் என் வாழ்வின் பெரும்பகுதி சட்டத்தாள்களோடு போயிருக்கிறது. அன்றுதான் அந்தப் பத்தியைச் சொல் சொல்லாகப் படித்தேன். பொய் எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு அதிர்ச்சியாக இல்லை. அது பொய்கூட இல்லை என்பதுதான் அதிர்ச்சி. கடைகள் அடைபட்டது உண்மை. சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை என்பதும் உண்மை. அந்த ஊர் தன் பிணங்களுக்காகத் தன் கதவுகளைச் சாத்தியிருந்தது. யாரோ ஒருவர் வந்து பார்த்து, அந்த அடைத்த கதவுகளை மனத்தில் குறித்துக்கொண்டு போய், அவற்றை அந்தப் பிணங்களில் ஒன்றின் தம்பி செய்த குற்றமாக எழுதிவிட்டார். ஓர் ஊரின் துக்கத்தை எடுத்து ஒருவன் தலையில் பழியாக வைக்க முடியும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

மறுநாளே பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனேன். விலக்கிலேயே இருக்கிறது ஜெயராஜ் அண்ணாச்சியின் பலசரக்குக் கடை. மறியல் நடந்த இடத்துக்கு நேர் எதிர். அச்சத்தால் அடைக்கப்பட்டது என்றால் அதுதான் முதலில் அடைபட்டிருக்க வேண்டும். ஆணையின் பத்தியை அவருக்கு வாசித்தேன். மடித்துக்கொண்டிருந்த பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டார்.

"யாரு, நானா? சோலையப்பனுக்குப் பயந்தா? அட, அவன் எங்கிட்டதான கடனுக்கு மிட்டாய் வாங்கித் தின்னு வளந்த பய! சார், வெடிச்சத்தம் எங்களுக்குப் புதுசு இல்ல. நெதமும் டெஸ்ட் வெடி போடுவாக, அதுக்கு எங்க கடைப் பூனைகூட முழிக்காது. அன்னைக்குக் கேட்டது வேற சத்தம். வெளிய வந்து பொகை எங்கன நிக்குதுன்னு பாத்தேன். பாத்துட்டு ஷட்டர எறக்கிட்டேன். இங்கன அதான் வழக்கம். பொணம் அடங்குறவரைக்கும் யாரும் ஏவாரம் பாக்க மாட்டோம். தண்ணிக்கு மட்டும் ஒரு டிரம்மு வெளிய கெடக்கும்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "பயந்தாகன்னா எழுதியிருக்கு? கரப்பான்பூச்சிக்குன்னு எழுதியிருந்தா ஒத்துக்கலாம்."

"நீ சும்மா இரு" என்றார் அண்ணாச்சி. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "அன்னைக்கு யாருமே எங்கிட்ட வந்து கேக்கலியே சார். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. கடைய ஏன் சாத்துனன்னு ஒருத்தன் கேக்கல." இந்தச் சொற்களை அவர் பிறகு நோட்டரி முன்பும் சொன்னார். நான் அதைப் பிரமாணப் பத்திரமாக்கி, ஆட்கொணர்வு மனுவோடு சேர்த்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தாக்கல் செய்தேன். மனுவில் இரண்டு காரணங்கள் சொன்னேன். பொது ஒழுங்கு குலையவே இல்லை என்பது ஒன்று. சோலையப்பன் சிறையிலிருந்து அரசுக்கு அனுப்பிய முறையீட்டைப் பரிசீலிப்பதில் விளக்கமில்லாத தாமதம் ஏற்பட்டது என்பது மற்றொன்று. மனு விசாரணைக்கு வரும்வரை மாதங்கள் போயின. மாரீஸ்வரி ஒவ்வொரு வாரமும் சிறைக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் என்னை அழைப்பார். "கோர்ட்ல அண்ணாச்சி எழுதிக் குடுத்தத வாசிச்சாச்சான்னு கேக்காரு சார்" என்பார். உள்ளே இருந்தவர் விடுதலை எப்போது என்று கேட்டதைவிட இதைத்தான் அதிகம் கேட்டார்.

இனி நான் சொல்வதை நிதானமாகப் படி, மகளே. நீதிபதிகள் இருவரும் கனிவாகவே கேட்டார்கள். தாமதத்துக்கு அரசுத் தரப்பில் விளக்கம் இல்லை என்பது சில நிமிடங்களிலேயே தெளிவாகிவிட்டது. நான் அண்ணாச்சியின் பத்திரத்தை எடுத்தேன். அமர்வு என்னை நிறுத்தியது. ஆணை பிறப்பிக்கப்பட்டபோது இந்தப் பத்திரம் அதிகாரி முன் இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை, பின்னால் வந்தது. அதிகாரி முன் என்ன இருந்தது? கடைகள் அச்சத்தால் அடைபட்டதாக இருவர் காவல் துறையிடம் தந்த வாக்குமூலம் இருந்தது. அப்படியானால் அவருடைய திருப்திக்கு, அதாவது காவல் தேவை என்று அவர் நம்பியதற்கு, ஏதோ ஓர் அடிப்படை இருந்திருக்கிறது. அது போதுமா போதாதா என்று எடைபோட நாங்கள் அவருக்கு மேல்முறையீட்டு மன்றம் அல்லவே என்றார்கள். அடிப்படையே இல்லாமலிருந்தால், அல்லது மனத்தைச் செலுத்தாமல் கையெழுத்திட்டது வெளிப்படையாகத் தெரிந்தால், தலையிடலாம். இங்கே தாமதம் என்ற ஒரு காரணமே உங்கள் கட்சிக்காரரை விடுவிக்கப் போதுமானது; மற்றதற்குள் போக வேண்டுமா? இதுதான் கேள்வி. இதில் சட்டப்பிழை எதுவும் இல்லை. அந்த இருக்கையில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். வாதத்தை நீட்டினால் ஒத்திவைப்பு வரும். ஒத்திவைப்பென்றால் சிறையில் மேலும் சில வாரங்கள். ஒரு மனிதனின் விடுதலையைப் பணயம் வைத்து என் கேள்விக்கு விடை தேட எனக்கு உரிமை இல்லை. தாமதத்தை மட்டும் வலியுறுத்துகிறேன் என்றேன். ஆணை ரத்தாயிற்று. மற்றக் காரணங்களை ஆராய வேண்டிய அவசியம் எழவில்லை என்று தீர்ப்பு முடிந்தது. அண்ணாச்சியின் பத்திரம் வழக்குக் கட்டுக்குள் அப்படியே திரும்பிப் போயிற்று.

மதுரைச் சிறை வாசலில் சோலையப்பன் வெளியே வந்ததும் மாரீஸ்வரியைப் பார்க்கும் முன் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "சார், நான் ரவுடி இல்லைன்னு கோர்ட்டு சொல்லிருச்சா?"

நான் கவனமாகப் பேசப் பழகியவன்; அந்தப் பழக்கம் எனக்கு அன்றுபோல் என்றும் கசந்ததில்லை. "உங்களைத் தடுத்து வைத்த ஆணை செல்லாது என்று சொல்லியிருக்கிறது" என்றேன்.

"அதுவும் இதுவும் ஒண்ணுதான?"

"ஒன்றில்லை."

"அப்ப அக்கா செத்ததுக்குச் சாத்துன கடைய, எனக்குப் பயந்து சாத்துனாகன்னு எழுதுனாகளே, அது?"

"அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மாரீஸ்வரிதான், "ஏதோ, வெளிய வந்துட்டீகல்ல, வாங்க. சாப்பிட்டீகளா மொதல்ல?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இன்று அவருக்கு லோடு தருவார் இல்லை. சீசன் நேரத்தில்கூட வேன் வீட்டு வாசலில் நிற்கிறது. "குண்டாஸ்ல போனவன கம்பெனிக்குள்ள எப்படி விடுறது" என்கிறார்களாம். விடுதலையானவர் என்று சொன்னால், "லேட்டானதுக்காகத்தான விட்டாக" என்கிறார்களாம். தீர்ப்பை அவர்கள் சரியாகவே படித்திருக்கிறார்கள். அக்காவின் வீட்டுப் பக்கம் அவர் போவதில்லை என்று மாரீஸ்வரி சொன்னார். தன்னால் அக்காவின் சாவுக்கும் கெட்ட பேர் என்று நினைக்கிறாராம்.

இப்போது உன் வாக்கியத்துக்கு வருகிறேன். தப்பாக இருந்தால் ஐகோர்ட் ரத்து செய்துவிடும் என்றாய். நீதிமன்றமோ, அந்த அதிகாரி திருப்தி அடைந்திருக்கிறாரே என்றது. நீ அவர்களை நம்பிக் கையெழுத்திடுகிறாய். உன் கையெழுத்தை நம்பி அவர்கள் உள்ளே பார்க்காமல் நிற்கிறார்கள். இரண்டு பேரும் நேர்மையானவர்கள், படித்தவர்கள், ஒருவரையொருவர் மதிப்பவர்கள். அந்த மரியாதைக்கு நடுவில் ஒரு மனிதன் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தான். கடையை ஏன் சாத்தினாய் என்று ஜெயராஜ் அண்ணாச்சியை யாரும் கேட்கவில்லை. இதை நான் கண்டுகொண்டது என் தொழிலின் கடைசிக் காலத்தில். சட்டத்தின் கட்டடத்தில் எங்கோ ஓர் அறையில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அந்த அறை உன்னுடையது. வேறு அறை கிடையாது. நீதிமன்றம் நீ முடிவெடுத்த விதத்தைப் பார்க்கும், நாள்கணக்கைப் பார்க்கும், அடைபட்டவருக்குத் தந்த நகல் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கும். நடந்தது நடந்ததுதானா என்று பார்க்கக்கூடியவள் நீ ஒருத்திதான், அதுவும் பேனாவை மூடுவதற்கு முன்புவரை மட்டுந்தான்.

எந்தக் கோப்பிலும் கையெழுத்திடாதே என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே பயந்து கடை சாத்திய தெருக்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே போய்க் கேட்டால் கடைக்காரர் உன் முகத்தைப் பார்க்க மாட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம், அன்னைக்கு ஊர்லயே இல்ல" என்பார். அந்த மழுப்பலும் ஒரு சாட்சியம். அதைக் கேட்டபின் நீ கையெழுத்திட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். நான் வேண்டுவது, ஒரே ஒரு கடைக்காரரிடமாவது ஆள் அனுப்பியோ தொலைபேசியிலோ நீயாகக் கேட்க வேண்டும் என்பதுதான். சட்டம் உன்னை அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை. தடுக்கவும் இல்லை.

இதை உனக்குக் கற்றுக்கொடுப்பதாக நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டிருக்கையில் வேறொன்று நினைவுக்கு வந்தது. நீ பள்ளிக்குப் போகாத வயதில் நாம் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தின் மாடியில் குடியிருந்தோம். நாளெல்லாம் கீழே மெஷின் ஓடும். அந்தச் சத்தம் இருந்தால்தான் நீ தூங்குவாய். ஒரு பகலில் நீ திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாய். கீழே மெஷின் நின்றிருந்தது. தூரத்தில், பட்டாசு ஆலைகள் இருக்கும் நாரணாபுரம் பக்கம் புகை. உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள். தெருவில் ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து நீ கேட்டாய்: "எல்லாரும் ஏம்மா கடையச் சாத்துறாங்க?"

அம்மா உனக்குப் பதில் சொன்னாள். அந்தப் பதில் உனக்கு மறந்திருக்கலாம், பரவாயில்லை. கோப்பு உன் மேசைக்கு வரும்போது கேள்வி மட்டும் நினைவிருந்தால் போதும்.

உன் அப்பா